காட்லியும் கங்கைக் கால்வாயும்

டில்லியின் கிழக்குப் பகுதியிலும், காஸியாபாத், நொய்டா முதலிய நகரங்களிலும் குடியிருக்கும் தமிழன்பர்கள், தங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரை அண்டை வீட்டார் 'கங்கா ஜலம்' என்று குறிப்பிடக் கேட்டிருப்பார்கள். இது பக்தியால் எழுந்த உபசாரச் சொல் அன்று. ஹரித்துவாரத்தில் கங்கையிலிருந்து பிரிந்து, ரூர்க்கி, முஸாபர்நகர், மீரத் வட்டாரங்களின் வழியே தெற்கு நோக்கி வரும் கால்வாயின் நீரில் ஒரு பங்கு முராத்நகரில் எடுக்கப்பட்டுக் குழாய் வழியாக இந்நகரங்களை அடைகிறது. நாம் காலையில் காப்பிக்கு வைக்கும் தண்ணீர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு மனிதர் பொறுப்பேற்று நடத்திய ஒரு பெருங்காரியத்தின் பயனாகும். அவர் பெயர் பிராபி தாமஸ் காட்லி. சோழநாட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டன் துரையின் பெயர் தெரிந்த அளவில், வடநாட்டில் குடியேறிய நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் காட்லியின் பெயர் தெரிந்திருப்பதில்லை. ஒரு பெரிய வேலையை ஏற்று முடிப்பவனுக்கு வேண்டிய குணங்கள் யாவை என்று ஆராய விரும்புவோர்க்கு, அவருடைய வரலாற்றை விடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. அவர் குறையற்றவராய் இருந்ததால் அவ்வாறு சொல்லவில்லை. அவரது குறைகளும் நமக்கு நன்றாகத் தெரிகின்றன.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றோரை 'மானேஜர்' என்னும் சொல் அடிக்கடி இடறச் செய்வதுண்டு. அச்சொல்லின் மூலம் கையைக் குறிப்பது. இத்தாலிய மொழியில் குதிரையைக் கையால் பழக்கி நடத்துவதற்கு வழங்கிய சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் நாம் வழங்கும் 'மேலாளர்' என்பதோ, அம்மனிதரைத் தூக்கி உயரத்தில் உட்கார வைத்து விடுகிறது. சோழர் கல்வெட்டுக்களில் கோயில் காரியங்களை நடத்தியவரை 'ஸ்ரீகாரியம்' என்றனர். மேற்பார்ப்பவரைக் 'கண்காணி' என்றனர். ஒன்றில் காரியம் முன்னிற்கிறது. மற்றொன்றில் கண் முன்னிற்கிறது. இவ்விரு பழஞ்சொற்களும் காட்லிக்குப் பொருந்துவது போல் 'மேலாளர்' பொருந்தவில்லை என்பது நம் எண்ணம். இது நிற்க.

1837-ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட நாட்டைத் 'தோவாப்' என்பர். இரு நீர் நாடு என்பது பொருள். இரண்டு பேராறுகள் இருமருங்கும் ஓடிக்கொண்டிருக்க, நடுவே இருந்த மக்கள் தண்ணீரின்றி மாண்டனர். ஆறுகள் பள்ளத்தில் ஓடின. வயல்கள் மேட்டில் காய்ந்தன. கிணறுகள் வறண்டன. ஆக்ராவைச் சூழ்ந்த மாவட்டங்களில் அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலுமாகச் சுமார் 8 லட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் உயிரிழந்தனர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கிழக்கிந்தியக் கும்பெனியார் விழித்துக்கொண்டது முழுவதும் இரக்கத்தால் என்று கூற இயலாது. நிலவரி போயிற்று, நிவாரணச் செலவு ஏறிற்று. கால்வாய் வெட்டினால் வரியும் நிலைக்கும், தண்ணீர்த் தீர்வையும் கிடைக்கும் என்ற கணக்கும் அவர்கள் மனத்தில் இருந்தது. எனினும் பஞ்சம் நேராதிருந்தால் அக்கணக்கைப் போடவே அவர்கள் முன்வந்திருப்பார்களா என்பது ஐயமே.

காட்லி முறையாக எஞ்சினீயரிங் தேர்ந்தவர் அல்லர். 1802-இல் இங்கிலாந்தில் பிறந்து, 1819-இல் வங்காளப் பீரங்கிப் படையில் சேர இந்தியாவுக்கு வந்தவர். 1825-இல் கிழக்கு யமுனைக் கால்வாயைப் பழுது பார்க்கும் வேலைக்கு உதவியாளராக அனுப்பப்பட்டார். மொகலாயர் காலத்தில் வெட்டப்பட்டுப் பின்னர்த் தூர்ந்து கிடந்த கால்வாய் அது. 1831-இல் அதன் பொறுப்பு முழுவதும் அவர் கைக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் அதனை நிருவகித்தார். தண்ணீர் எங்கே கரையை அரிக்கும், எங்கே மணலைக் கொட்டும், உழவன் எப்போது மதகை உடைப்பான், எந்த மேஸ்திரி கலவையில் சுண்ணாம்பைக் குறைப்பான் என்பன எல்லாம் அங்கே அவர் கற்ற கல்வி. ஓய்வு நேரங்களில் சிவாலிக் குன்றுகளில் புதைந்து கல்லாய்ப்போன பழங்கால விலங்குகளின் எலும்புகளைத் தேடினார். சகாரன்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவரான பால்கனர் என்ற அறிஞரும் அவரும் சேர்ந்து கண்டெடுத்தவற்றிற்காக லண்டன் நிலவியல் சங்கத்தார் 1837-இல் இருவருக்கும் வொல்லாஸ்டன் பதக்கம் அளித்தனர். அதே குன்றுகளிலிருந்து இறங்கும் காட்டாறுகள்தாம் பின்னர் அவருடைய கால்வாய்க்குப் பெரும் பகையாய் வந்தன. அவற்றின் மண்ணையும் கல்லையும் முன்னரே குனிந்து பார்த்துப் பழகியிருந்தது வீண்போகவில்லை.

கங்கையிலிருந்து கால்வாய் எடுக்கலாம் என்ற யோசனையை முதலில் வெளியிட்டவர் அவருக்கு மேலதிகாரியாயிருந்த கர்னல் கால்வின். அதன்பேரில் 1836-இல் காட்லி நிலமட்டம் எடுத்துப் பார்த்தார். முடிவு ஊக்கமளிப்பதாக இல்லை. வழியில் மேடும் பள்ளமும் காட்டாறுகளும் மிகுதி; ஆகும் செலவோ சொல்லத் தரமன்று. அவ்வளவில் விட்டுவிட்டார். பஞ்சம் வந்த பின்னரோ, தாமே எட்டிய அந்த முடிவைத் தாமே மறு விசாரணைக்கு எடுத்துக்கொண்டார். ஒருமுறை இயலாது என்று எழுதிக் கொடுத்த அதிகாரி, பின்னர் இயலும் என்று எழுதுவதற்கு எவ்வளவு தயங்குவார் என்பதை அலுவலகங்களில் பழகிய அன்பர்கள் அறிவார்கள். கோப்பில் கிடக்கும் பழைய குறிப்பே அவருக்கு எதிர்ச் சாட்சியாகிவிடும். காட்லி அதைப் பொருட்படுத்தவில்லை. ஏறத்தாழ ஆறு மாத காலம் கால்நடையாகவும் குதிரைமீதும் அந்நாடு முழுவதையும் சுற்றி, அளவுகளைத் தாமே எடுத்தார். 1840-இல் அறிக்கை தந்தார். அடுத்த ஆண்டில் லண்டனிலிருந்த கும்பெனி டைரக்டர்கள் இசைவளித்தனர். 1842 ஏப்ரலில் மண்வெட்டு வேலை தொடங்கியது.

அவர் முன் இருந்த இடுக்கண் யாது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஹரித்துவாரத்திலிருந்து ரூர்க்கி வரை சுமார் இருபது மைல். அன்பர்கள் பஸ்ஸிலோ ரயிலிலோ கால்வாயைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடும் சிறு தூரம். அந்த இருபது மைலுக்குள் சிவாலிக் குன்றுகளிலிருந்து இறங்கும் நான்கு காட்டாறுகள் கால்வாயின் குறுக்கே வருகின்றன. ராணிபூர் ஆறு, பத்ரி ஆறு, ரத்மௌ ஆறு, ஸோலானி ஆறு என்பன அவை. ஆண்டின் பெரும்பகுதியில் வெறும் மணற் படுகையாய்க் கிடப்பவை. மழைக்காலத்தில் சில மணி நேரத்தில் மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு பெருக்கெடுப்பவை. கால்வாயோ ஒரே சீராகச் செல்ல வேண்டியது. அடங்காத நான்கையும் அடங்கிய ஒன்று எவ்வாறு கடப்பது?

ராணிபூர், பத்ரி ஆகிய இரண்டின் படுகைகளும் கால்வாயை விட உயரத்தில் இருந்தன. ஆகவே கால்வாயின் தலைக்கு மேலே அகன்ற கட்டடப் பாலம் அமைத்து, ஆற்றையே அப்பாலத்தின் மீது ஓடவிட்டார். மேலே காட்டாறு, கீழே கால்வாய். ரத்மௌ ஆற்றின் மட்டமோ கால்வாயின் மட்டமே. மேலே கொண்டுபோகவும் இயலாது, கீழே விடவும் இயலாது. தனௌரி என்னும் இடத்தில் அவ்வாற்றைக் கால்வாய்க்குள்ளேயே ஒரு பக்கம் நுழையவிட்டு, மறுபக்கம் மதகுகள் வழியாக வெளியேறச் செய்தார். வெள்ளம் வரும்போது மதகுகளைத் திறக்கவும், வடிந்ததும் மூடவும் ஆட்கள் இரவும் பகலும் காத்திருக்க வேண்டிய ஏற்பாடு இது. கல்லையும் சுண்ணாம்பையும் நம்பாமல், விழித்திருக்கும் மனிதனை நம்பிய அமைப்பு என்றும் சொல்லலாம். நான்காவதாகிய ஸோலானி, கால்வாய்க்கு மிகத் தாழ்ந்த பள்ளத்தாக்கில் ஓடியது. அங்கே கால்வாயை ஆற்றின் மேல் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. குமரி மாவட்டத்து மாத்தூர்த் தொட்டிப்பாலத்தைக் கண்ட அன்பர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். மாத்தூர் பாலம் 1966-இல் கான்கிரீட்டால் எழுந்தது. ஸோலானிப் பாலமோ அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் கட்டப்பட்டது. ஒவ்வொன்றும் ஐம்பது அடி அகலமுள்ள பதினைந்து வளைவுகள். இருபுறமும் பள்ளத்தாக்கின் குறுக்கே ஏறத்தாழ மூன்று மைல் அளவுக்கு மண்கரைகள். கரைகளின் முனைகளில் காவலிருப்பன போல் கல் சிங்கங்கள்.

நான்கு ஆறுகளுக்கும் ஒரே விதமான கட்டடத்தை வரைந்து கொடுத்திருந்தால் காகிதத்தில் அழகாக இருந்திருக்கும். கணக்கும் எளிது, சாமான்களுக்கு உத்தரவிடுவதும் எளிது. வகுத்துக்கொண்ட ஒரே முறையை எல்லா இடத்திலும் திணிக்கும் பழக்கம் பெரிய நிருவாகங்களுக்கு இயல்பாக ஏற்படும் நோய். காட்லிக்கு அந்நோய் இல்லை. ஒவ்வோர் ஆற்றிடமும் போய் நின்று, உன் மட்டம் என்ன, உன் குணம் என்ன என்று கேட்டவர் போல நடந்துகொண்டார்.

ஸோலானிப் பாலத்தின் அடித்தளம் மணலில் அமைந்தது. பாறை கிடைக்கும் ஆழம் வரை தோண்ட வழியில்லை. இவ்விடத்தில் காட்லி பயன்படுத்தியது நம் நாட்டுக் கிணறு தோண்டுவோரின் பழைய முறை. உறைகிணறு இறக்குவதை ஊரில் பார்த்தவர்கள் அறிவார்கள்: கட்டடத்தை முதலில் தரைமீது எழுப்பிக்கொண்டு, அதன் அடியிலுள்ள மணலைத் தோண்டி எடுக்க எடுக்க, அது தன் பாரத்தாலேயே இறங்கிச் சென்று அமரும். அதே வகையில் பெரும் பெரும் செங்கற் கட்டிகள் இருபது அடி ஆழத்துக்கு மணலுக்குள் இறக்கப்பட்டன. அவற்றின் மேல் பாலத்தின் தூண்கள் எழுந்தன. வெளிநாட்டிலிருந்து நூல்களை வரவழைத்துப் படித்த ஒருவர், உள்ளூர்க் கிணற்றுத் தொழிலாளியிடமும் பாடம் கேட்டார் என்பது நம் உள்ளத்துக்கு மிகவும் உவப்பான செய்தி. அத்தொழிலாளிகளின் பெயர்கள் கட்டடத்தில் எங்கும் பொறிக்கப்படவில்லை.

இப்பாலத்துக்கு மண் கொண்டுவருவதற்காக 1851 டிசம்பரில் ரூர்க்கியில் நீராவி வண்டி ஒன்று தண்டவாளத்தில் ஓட்டப்பட்டது. பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே 1853-இல் பிரயாணிகளின் ரயில் ஓடியதற்கு முந்தியது இது. இந்தியாவின் முதல் ரயில் என்று வடநாட்டு நண்பர்கள் இதைப் பெருமையாகச் சொல்வதுண்டு. சென்னைச் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரை, சாலைக்கு வேண்டிய செம்பாறைக் கல்லை ஏற்றிக்கொண்டு 1837-இலேயே நீராவி வண்டி ஓடியதை நாம் பணிவுடன் அவர்களுக்கு நினைவூட்டலாம். அதை அமைத்தவர் ஆர்தர் காட்டன். அவர் இக்கதையில் பின்னரும் வருவார்.

தடை ஆறுகளால் மட்டும் வரவில்லை. கங்கையை அணையிட்டுச் சிறைப்படுத்துவது பாவம் என்று ஹரித்துவாரத்துப் புரோகிதர்கள் எதிர்த்தனர். துரைத்தனத்தார் படைபலம் உடையவர்கள். எதிர்ப்பைத் தள்ளிவிட்டுச் செல்ல அவர்களால் முடிந்திருக்கும். காட்லி அவர்களோடு பேசினார். ஆற்றின் குறுக்கே அமையும் அணையில், தண்ணீர் தடையின்றி ஓடுவதற்கு ஓர் இடைவெளி விடுவதாக ஒப்புக்கொண்டார். நீராடும் படித்துறைகளைப் பழுது பார்த்துத் தந்தார். வேலைத் தொடக்கத்தில் பிள்ளையாருக்குப் பூசையும் நடைபெற்றது. சாமர்த்தியத்துக்காகச் செய்தார் என்பாரும் உண்டு. இருக்கலாம். ஆனால் அந்த இடைவெளி வெறும் சாமர்த்தியம் அன்று. தண்ணீர் வேண்டிய காலத்திலும் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு அது. பிற்காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிலையான அணை கட்ட முற்பட்டபோது அதே கேள்வி மீண்டும் எழுந்தது. பண்டித மதன்மோகன் மாளவியா முன்னின்று வாதாடி, கங்கையின் ஓட்டம் தடைப்படாமலிருக்க 1916-இல் சர்க்காரோடு உடன்படிக்கை காணச் செய்தார். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பேசித் தீர்த்துக்கொண்டதை அவர் வழிவந்தவர்கள் மறந்ததன் விளைவு என்றே நமக்குத் தோன்றுகிறது.

பணத்தடை வேறு. வேலை தொடங்கிய 1842-இலேயே எல்லன்பரோ பிரபு கவர்னர் ஜெனரலாக வந்தார். ஆப்கானிஸ்தானத்துப் போரில் கஜானா வற்றியிருந்தது. கால்வாயில் அவருக்கு நம்பிக்கையும் குறைவு. பாசனத்தை விடப் படகுப் போக்குவரத்தே முக்கிய நோக்கமாயிருக்க வேண்டும் என்றார், பணத்தைச் சுருக்கினார். கால்வாயால் காய்ச்சல் பரவும் என்ற அச்சமும் எழுந்தது. இது புறக்கணிக்கத் தக்க அச்சம் அன்று. 1845-இல் அதை விசாரிக்க ஒரு குழு அமைந்தது. அதில் இருந்த டெம்ப்ஸ்டர் என்னும் வைத்தியர், ஊர் ஊராகச் சென்று மக்களின் மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, மலேரியாவின் கடுமையை அளக்கும் முறையை வகுத்தார். கொசுவே காரணம் என்பது உலகுக்குத் தெரிவதற்கு அரை நூற்றாண்டு முன்னர் நடந்தது இது. குழுவின் மற்றோர் உறுப்பினர் ஹென்றி யூல். பிற்காலத்தில் 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' என்னும் அகராதியைத் தொகுத்து, நம் கட்டுமரத்துக்கும் சுருட்டுக்கும் ஆங்கிலத்தில் இடம் காட்டியவர். மொழிபெயர்ப்பாளர்கள் அவரைக் கால்வாய்க்காரர் என்று நினைப்பதில்லை; கால்வாய்க்காரர்கள் அவரை அகராதிக்காரர் என்று அறிவதில்லை.

பணம் வராத ஆண்டுகளில் காட்லி என்ன செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். கோபித்துக்கொண்டு ராஜிநாமாக் கடிதம் எழுதவில்லை. செங்கல் அறுத்தார்; சூளை போட்டார்; சுண்ணாம்பு சுட்டார். ரூர்க்கியில் பட்டறை எழுந்தது. கிடைத்த தொகைக்குள், பின்னர்ப் பணம் வரும் நாளில் உடனே பயன்படக்கூடிய வேலை எதுவோ அதைச் செய்துகொண்டிருந்தார். காத்திருத்தலும் சும்மா இருத்தலும் ஒன்றல்ல என்பதை அறிந்தவர்.

1845-இல் உடல்நலம் கெட்டு அவர் இங்கிலாந்துக்குத் திரும்ப நேர்ந்தது. மூன்று ஆண்டுகள் வேலையை நடத்தியவர் பேக்கர் என்னும் அதிகாரி. தலைவர் போனதும் படுத்துவிடும் காரியங்களை நாம் எத்தனையோ கண்டிருக்கிறோம். தாம் இல்லாவிட்டால் எதுவும் நடவாது என்ற நிலையை உண்டாக்கி வைப்பதே தம் பெருமை என்று கருதும் அதிகாரிகளும் உண்டு. எல்லா விவரங்களையும் தம் நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வைப்பார்கள். கங்கைக் கால்வாய் அம்மூன்று ஆண்டுகளிலும் நிற்கவில்லை. வரைபடங்கள் இருந்தன, அளவுகள் இருந்தன, செய்ய வேண்டியதை அறிந்த கீழதிகாரிகள் இருந்தார்கள். அந்த இடைக்காலத்தில்தான், ஹார்டிஞ்ச் பிரபுவின் ஆட்சியில், பணமும் தாராளமாக வரத் தொடங்கியது. காட்லி 1848-இல் திரும்பி வந்து, கால்வாய்களின் டைரக்டர் பதவியை ஏற்றார்.

ஆள் பழக்குவதைப் பற்றிச் சொல்லும்போது வடமேற்கு மாகாணங்களின் துணை கவர்னர் தாமஸனை மறக்கலாகாது. நூற்றுக்கணக்கான மைல் கால்வாய்க்கு ஓவர்சியர்களும் மட்டம் பார்ப்பவர்களும் வேண்டும். அவர்களை எல்லாம் கப்பலில் வரவழைக்க இயலாது. வேலை நடக்கும் இடத்திலேயே, ரூர்க்கியில், 1847-இல் அவர் ஒரு கல்லூரியைத் தொடங்கினார். இந்நாட்டு இளைஞர்களும் அதில் பயின்றனர். சென்னையில் 1794 முதல் நில அளவைப் பள்ளி இருந்து, பின்னர் அதுவே கிண்டிக் கல்லூரியாக வளர்ந்தது என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஒரு பெரும் கட்டுமான வேலையின் மடியிலேயே பிறந்த எஞ்சினீயரிங் கல்லூரி என்ற சிறப்பு ரூர்க்கிக்கே உரியது. 1949-இல் அது பல்கலைக்கழகமாயிற்று, 2001-இல் ஐ.ஐ.டி. ஆயிற்று. அங்கே பயிலும் தமிழ் மாணவர்கள் கல்லூரியின் அருகே ஓடும் கால்வாயைத் தினமும் காண்கிறார்கள். கால்வாய்க்காகக் கல்லூரி வந்தது என்பது அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியுமோ! தாமஸன் 1853-இல் இறந்தார். தண்ணீர் வருவதைக் காணக் கொடுத்து வைக்கவில்லை.

1854 ஏப்ரல் 8-ஆம் நாள் கால்வாய் திறக்கப்பட்டது. தலைக் கால்வாய் 348 மைல். கிளைகள் 306 மைல். காட்லி அந்த ஆண்டே ஓய்வு பெற்றுத் தாய்நாடு திரும்பினார். 'ஸர்' பட்டமும் கிடைத்தது. சாதாரணமாக வரலாற்று நூல்கள் இந்த இடத்தில் மங்களம் பாடிவிடும். ஆனால் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டிய பகுதி இதற்குப் பின்னரே வருகிறது.

தண்ணீர் முழு அளவில் ஓடத் தொடங்கியதும் ஒரு குற்றம் வெளிப்பட்டது. கால்வாயின் சரிவு அளவுக்கு மிஞ்சியிருந்தது. ஓட்டத்தின் வேகம் படுகையை அரித்தது. மட்டத்தைக் குறைக்க இடையிடையே கட்டியிருந்த வீழ்ச்சிக் கட்டடங்களின் அடிப்பாகம் சேதமுற்றது. நினைத்த அளவு தண்ணீரை அஞ்சாமல் விட முடியவில்லை. கிழக்கு யமுனைக் கால்வாயிலும் இத்தகைய அரிப்பையே காட்லி முன்னர்க் கண்டு, போராடித் திருத்தியவர். அப்படியிருந்தும் அதே குற்றம் வேறோர் அளவில் மீண்டும் புகுந்தது. சிறு கால்வாயில் பெற்ற அனுபவத்தைப் பெருங்கால்வாய்க்கு நீட்டியதில் கணக்கு பிசகியது. அக்காலத்தில் இவ்வளவு பெரிய பாசனக் கால்வாயை வெட்டியவர் எவரும் இலர் என்பது சமாதானம் ஆகலாம். குற்றம் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

அப்போது எழுந்தவர் நம் காட்டன் துரை. கொள்ளிடத்தில் மேலணை கட்டித் தஞ்சைத் தரணியைக் காத்தவர். கோதாவரியில் தவளேசுவரம் அணையால் புகழ் பெற்றவர். 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கங்கைக் கால்வாயைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். சரிவு தவறு, கால்வாயின் தலைமதகை ஹரித்துவாரத்தில் வைத்ததே தவறு, இன்னும் கீழே இறங்கிச் சமவெளியில் எடுத்திருந்தால் நான்கு காட்டாறுகளோடும் போராட வேண்டியதே இல்லை என்றார். காட்லி மறுப்பு எழுதினார். காட்டன் மறுப்புக்கு மறுப்பு எழுதினார். இரு பெரியவர்களின் இந்த வழக்கு பல ஆண்டுகள் நீடித்தது.

தமிழர்களாகிய நம் நெஞ்சு காட்டன் பக்கம் சாய்வது இயல்பே. சரிவைப் பற்றி அவர் சொன்னது உண்மை. பின்னர் கிராப்டன் என்னும் எஞ்சினீயர் ஆராய்ந்து, திருத்த வேலைகள் பல செய்ய நேர்ந்தது. கீழே இறங்கி எடுக்கலாம் என்ற யோசனையிலும் பொருள் இருந்தது. 1878-இல் நரோராவிலிருந்து கீழ்க் கங்கைக் கால்வாய் திறக்கப்பட்டு, தோவாபின் தென்பகுதிக்கு அங்கிருந்தே தண்ணீர் வந்தது. ஆனால் கழிமுகத்து வண்டலில் அணை கட்டியவரின் அனுபவத்தை மலையடிவாரத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. கீழே எடுத்த கால்வாய், தோவாபின் வடபகுதிக்கு எட்டாது. 1837-இல் மக்கள் மாண்டது அந்த இரு நீர் நாட்டின் மேட்டு நிலங்களில். காட்டன் தீர்க்கதரிசி, பொறுமை அவரிடம் குறைவு. பெருங்கனவு காண்பதில் அவருக்கு நிகர் இல்லை. பத்தாண்டுக் காலம் பணமுடை, நோய், புரோகிதர், கவர்னர் ஜெனரல் ஆகிய எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு ஒரே கால்வாயில் நிலைத்திருக்க அவரால் இயன்றிருக்குமா என்று கேட்டால், நம்மால் உறுதியாக ஆம் என்று சொல்ல முடியவில்லை.

இந்த வழக்கில் நம் கவனத்தை ஈர்ப்பது இன்னொன்று. தாக்குதல் வலுக்கும் முன்னரே, 1860-இல், காட்லி தம் வேலையைப் பற்றிப் பெரிய அறிக்கை ஒன்றை, வரைபடத் தொகுதியுடன், லண்டனில் வெளியிட்டிருந்தார். எங்கே என்ன சரிவு, எந்த அடித்தளம் எவ்வாறு இறக்கப்பட்டது, எந்தக் கட்டடத்துக்கு எந்த அளவு என்பன எல்லாம் அதில் விரிவாக உள்ளன. தம்மைக் குறை காண வருவோர்க்குக் கருவிகளைத் தாமே எடுத்துக் கொடுத்தது போல ஆயிற்று. மறைத்திருந்தால் சில ஆண்டுகள் பெயர் பிழைத்திருக்கும். திருத்த வந்தவர்களோ இருட்டில் தடவியிருப்பார்கள். வடஇந்தியாவில் அதன் பின் வெட்டப்பட்ட பெருங்கால்வாய்களை வகுத்தவர்களுக்கு, இக்கால்வாயின் வெற்றியைப் போலவே அதன் குற்றமும் பாடமாயிற்று.

மற்றொரு குறையும் உண்டு. அதைக் காட்டன் கூட வற்புறுத்தவில்லை. கால்வாய்க் கரைகள் பல இடங்களில் இயற்கையான வடிகால்களைத் தடுத்தன. தண்ணீர் தேங்கியது, காய்ச்சல் பரவியது, நிலத்தடி ஈரம் மேலேறி, உப்புப் பூத்து, சில ஊர்களில் வயல்கள் வெளுத்துப் போயின. அவ்வூர் மக்கள் அந்த வெண்பூப்பை 'ரேஹ்' என்பர். தண்ணீர் கொண்டுவருவதில் காட்டிய கவலையை, தண்ணீரை வடியச் செய்வதில் காட்டவில்லை. டெம்ப்ஸ்டர் குழு முன்கூட்டி எச்சரித்திருந்தும் இது நேர்ந்தது.

இவ்வளவும் சொல்லிய பின், 1860-ஐயும் 1861-ஐயும் பார்க்க வேண்டும். தோவாபில் மீண்டும் மழை பொய்த்தது. காட்லிக்குப் பின் கால்வாய்களின் பொறுப்பை ஏற்று, 1857-இல் டில்லி முற்றுகையிலும் எஞ்சினீயராயிருந்த பேர்ட் ஸ்மித், அப்பஞ்சத்தை விசாரித்து அறிக்கை தந்தார். கால்வாய் நீர் எட்டிய ஊர்களில் பயிர் விளைந்தது. எட்டாத ஊர்களிலிருந்து மக்கள் வெளியேறினர். சரிவு தவறிய, படுகை அரித்த, முழு அளவு நீர் விட முடியாத அதே கால்வாய்தான் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. காட்லி 1871 ஜனவரியில் இங்கிலாந்தில் காலமானார்.

ஆண்டுதோறும் தசராவுக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட நாட்களில் கால்வாயை மூடிவிடுகிறார்கள். அந்நாட்களில் டில்லியின் சில பகுதிகளிலும் காஸியாபாத்திலும் குழாயில் தண்ணீர் குறையும். முன்கூட்டிச் சேமித்து வைக்கும்படி பத்திரிகைகளில் அறிவிப்பு வரும். ஹரித்துவாரத்தில் ஹர் கி பௌரிப் படித்துறையின் முன்னே நீரோட்டம் இளைத்து, படுகையின் கற்கள் தெரியும். யாத்திரிகர்கள் எறிந்த காசுகளைச் சிறுவர்கள் பொறுக்குவார்கள். ரூர்க்கிக்கு அருகில் ஆட்கள் இறங்கி, ஓராண்டு மணலை வாரி, அரித்த இடங்களைக் கட்டி, மதகுகளுக்கு எண்ணெய் இடுவார்கள். பின்னர்த் தண்ணீரைத் திறந்து விடுவார்கள்.